ஏழு ஊசியும் ஒரு பேட்டரியும்

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் போகும் கம்பெனி பஸ்ஸில் அன்று எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. மேலே இருக்கும் கம்பியைப் பிடிக்க வலது கையைத் தூக்கினேன். கை மார்பு உயரம் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வலிக்கிறதே என்று நான் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றுவிட்டது. டிரைவர் பிரேக் போட்டதும், டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மடியில் போய் விழுந்தேன். அவள் முதலில் டிபன் பாக்ஸைக் காப்பாற்றினாள். பிறகு, "இன்னாக்கா, கம்பி புடிக்கக்கூட சோம்பேறித்தனமா?" என்றாள். நானும் சிரித்தேன். மீதி வழியும் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடமாக மிஷின் ஆபரேட்டர். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். வெட்டி வரும் தோல் துண்டுகளைச் சேர்த்து அப்பராகத் தைப்பது எங்கள் லைனின் வேலை. துணியில் தையல் கோணலானால் பிரித்துவிட்டுத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கினால் துளை நின்றுவிடும், அந்தத் துண்டு போனதுதான். அதனால் கஷ்டமான வளைவுகள் வரும் மாடல் என்றால் என்னைத்தான் உட்காரவைப்பார்கள். குதிகால் வளைவில் இரண்டு வரிசைத் தையலை இடைவெளி மாறாமல் கொண்டுபோக இந்த லைனில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

தோள் வலி அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே ஆரம்பித்திருந்தது. தைலம் தேய்த்தேன். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஜாக்கெட்டில் கை நுழைக்கப் பத்து நிமிடம் ஆனது. தலை பின்ன முடியாமல் போனபோதுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பழகிய கை. சீப்பை வாங்கி எனக்குப் பின்னிவிட்டார். நெற்றித் தோலெல்லாம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போகும் அளவுக்கு இறுக்கம். "கொஞ்சம் லூசா போடுங்க, இது மோட்டார் இல்ல," என்றேன். "லூசா சுத்துனா எரிஞ்சிடும்," என்றார். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. அது எனக்கு அன்றுதான் தெரியும். டாக்டர் என் கையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "தோள் மூட்டச் சுத்தி ஒரு உறை மாதிரி இருக்கும்மா. அது இறுகிப்போச்சு. சுகர் இருக்கிறவங்களுக்கு இது ஜாஸ்தியா வரும். சுகருக்கு மாத்திரை தர்றேன். தோளுக்கு நீங்க பிசியோதெரபி போகணும்," என்றார். சரியாக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். "மாசக் கணக்கு ஆகும். பொறுமையா இருக்கணும்," என்றார்.

கம்பெனிக்குப் பொறுமை இல்லை. அந்த வாரமே நான் மூன்று ஜோடி கெடுத்தேன். கை நடுங்கவில்லை. தையல் நடுவில் தோளில் சுரீர் என்று ஒரு வலி வரும், அந்த ஒரு நொடியில் கோடு வளைந்துவிடும். எங்கள் சூப்பர்வைசர் என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷன். நேராக என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அக்கா, கொஞ்ச நாளு ட்ரிம்மிங் டேபிள்ல உக்காருங்க. கை சரியானதும் பாத்துக்கலாம்."

ட்ரிம்மிங் டேபிள் என்றால், தைத்து முடித்த அப்பரில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் இடம். புதிதாகச் சேருகிறவர்களை முதலில் அங்கேதான் உட்காரவைப்பார்கள். என் மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். அவள் தைத்த நூலின் நுனியை நான் வெட்டினேன். கோடு எங்கே கோணியிருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியும். வெட்டிவிட்டு அடுத்த ஜோடியை எடுத்தேன்.

பிசியோதெரபி இடம் ஆம்பூர் பஜாருக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே, மாடியில் இருந்தது. அங்கே இருந்த மேடத்துக்கும் என் வயதுதான் இருக்கும். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். பவர்லூம் சத்தத்தில் வளர்ந்ததால் மெதுவாகப் பேசவே வராது என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். என் கையைத் தாங்கிப் பிடித்து ஒவ்வொரு பக்கமாக நகர்த்தி, எங்கே நிற்கிறது என்று அளவெடுத்து எழுதிக்கொண்டார். பிறகு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்ட வேண்டும். மேலே மாட்டிய கயிற்றை நல்ல கையால் இழுத்து, கெட்ட கையை ஏற்ற வேண்டும். சுவரில் விரல்களை நண்டு நடப்பதுபோல மேலே ஏற்ற வேண்டும். விரல் நின்ற இடத்தில் மேடம் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோடு என் தோளைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது.

இரண்டு வாரம் போனேன். கோடு நகரவே இல்லை. கயிற்றைப் பாதி இழுப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வலிக்கும் என்று பயந்து தோளை நானே இறுக்கிக்கொள்வேன், இறுக்கினால் இன்னும் வலிக்கும். பதினைந்தாம் நாள் வீட்டுக்காரரிடம், "இதுக்கு அந்த நூலையே வெட்டிக்கினு இருந்துட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. பத்து நாள் போகவில்லை.

பதினோராம் நாள், டேபிளில் என் எதிரே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்தாள். நான் வெட்டும் வேகத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டாள்: "உங்களுக்கு மிஷினும் தெரியுமாக்கா?"

கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? "தெரியும்," என்று மட்டும் சொன்னேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறாமல் நேராக அந்த மாடிக்குப் போனேன்.

மேடம் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டினார். "வலியால பயிற்சி செய்ய முடியல. பயிற்சி செய்யலன்னா தோள் இன்னும் இறுகும். அப்ப முதல்ல வலிய கம்மி பண்ணணும்," என்றார். "ஒண்ணு செய்யலாம். மெல்லிசா ஊசி போட்டு, அதுல லேசா கரண்டு குடுக்கிறது. எலக்ட்ரோ அக்குபங்சர்னு பேரு. நான் அதுக்குத் தனியா படிச்சிருக்கேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. ஆனா சில பேருக்கு வலி நல்லா கம்மியாகுது. வலி கம்மியா இருக்கிற அந்த நேரத்துல கைய நகர்த்திடணும். அதுதான் கணக்கு."

ஊசி என்றதும் என் இடது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிஷின் ஊசி அந்த நகத்தின் வழியாக இறங்கி மறுபக்கம் வந்திருக்கிறது. இப்போது ஊசியோடு கரண்டும் சேர்த்துக் கொடுக்கிறார்களாம். "வீட்டுல கேட்டுட்டு வர்றேன் மேடம்," என்றேன்.

வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ வோல்ட்?" என்பதுதான். எனக்குத் தெரியவில்லை என்றதும் மறுநாள் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார். சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது.

மேடம் அந்தக் கருவியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. முன்னால் நாலைந்து திருகு, ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய வயர், வயர் நுனியில் சின்னச் சின்ன கிளிப்புகள். அவர் அதைத் திருப்பி, பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"பேட்டரிதானா?"

"பேட்டரிதான் சார். வீட்டு கரண்டோட சம்பந்தமே இல்ல."

"ஒன்பது வோல்ட்டு. இதுல எறும்புகூட சாகாது," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மேடம் அதற்குச் சிரித்தாலும், பிறகு என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். நெஞ்சில் பேஸ்மேக்கர் ஏதும் வைத்திருக்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, வலிப்பு வந்திருக்கிறதா, குழந்தை உண்டாகியிருக்க வாய்ப்பு இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு வீட்டுக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

மேடம் என்னை இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார். புது பாக்கெட்டைப் பிரித்து ஊசியைக் காட்டினார். தலைமுடி கனம்தான் இருக்கும். எங்கள் மிஷின் ஊசிக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஊசி என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். தோளைச் சுற்றியும் மேற்கையிலும் ஆறு. குத்தும்போது எறும்பு கடித்ததுபோல இருந்தது. கொஞ்சம் உள்ளே போனதும் வலி இல்லை, ஒரு கனம், ஒரு மந்தம் பரவியது. ஏழாவது ஊசியை முட்டிக்குக் கீழே காலில் போட்டார்.

"தோளு வலிக்கு கால்ல எதுக்கு மேடம்?"

"இந்த வைத்தியத்துல தோளுக்கு அங்க ஒரு இடம் சொல்லியிருக்காங்க. ஏன்னு முழுசா எனக்கே தெரியாது. போட்டா சில பேருக்கு நல்லாருக்கு, அதனால போடுறேன்." தெரியாததைத் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதோடு பயமும் பாதி போனது.

தோள் ஊசிகளில் கிளிப்பை மாட்டித் திருகைத் திருப்பினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே யாரோ விரலால் தட்டுவதுபோல டக் டக் என்று ஆரம்பித்தது. "தாங்குற அளவுக்குத்தான். ஜாஸ்தியானா சொல்லுங்க," என்றார். தோள் சதை தானாகவே துள்ளியது. நான் அசைக்காமல் என் சதை அசைவதைப் பார்க்க முதலில் கூச்சமாக இருந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. இருபது நிமிடம். பாதியில் தூங்கிவிட்டேன் என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அந்தத் தோளோடு நான் நிம்மதியாகக் கண்மூடி எத்தனை மாதம் ஆகியிருந்தது.

ஊசிகளை எடுத்து மூடி போட்ட டப்பாவில் போட்டதும், என்னை ஆற அமர எழுந்துகொள்ளக்கூட விடவில்லை. "வாங்க, செவுத்துக்கு," என்றார் மேடம். விரல்களைச் சுவரில் வைத்தேன். ஏற்றினேன். பழைய பென்சில் கோடு வந்தது. வழக்கமாக அங்கே வரும் சுரீர் வலி வரவில்லை. தோள் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் அது இறுக்கம் மட்டும்தான். விரல்கள் கோட்டைத் தாண்டின. ஒரு விரற்கடை. இரண்டு விரற்கடை. அங்கே நின்றது. மேடம் புதுக் கோடு போட்டார்.

"இது மேஜிக் இல்லம்மா. நாளைக்கு மறுபடி வலிக்கும். ஊசி வலிய கம்மி பண்ணும், அவ்ளோதான். கைய மேல ஏத்தறது நீங்கதான். வீட்டுல மூணு வேளையும் செய்யணும்."

செய்தேன். வாரத்தில் மூன்று நாள் ஊசி, எல்லா நாளும் பயிற்சி. வீட்டுக்காரர் கதவு நிலையில் கப்பி மாட்டிக் கயிறு கட்டிக்கொடுத்தார். சோறு வேகும் நேரத்தில் கயிறு இழுத்தேன். கம்பெனியில் டீ நேரத்தில், கேன்டீன் சுவரில் விரல் ஏற்றினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். மாடிச் சுவரில் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போயின.

நான்காவது வாரம், கை தேறிவிட்டது என்ற தைரியத்தில் தண்ணீர் நிறைந்த குடத்தை வலது கையால் தூக்கிவிட்டேன். அன்றைக்கே பழைய வலி திரும்பியது. மறுநாள் சுவரில் விரல் மூன்று கோடு கீழே நின்றது. எல்லாம் போச்சு என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க முதல் நாள் எங்க இருந்தீங்க, பாருங்க," என்று முதல் கோட்டைக் காட்டினார். இப்போது என் விரல் நின்ற இடம் அதற்கு ஒரு சாண் மேலே இருந்தது. "சறுக்கினாலும் அங்க போகல இல்ல?" என்றார். அந்த வாரம் ஊசியை வழக்கம்போல் போட்டு, பயிற்சியைக் குறைத்தார். பத்து நாளில் இழந்த மூன்று கோட்டையும் திரும்பப் பிடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மேடம் என் வேலையைப் பற்றி விசாரித்தார். எப்படி உட்காருவேன், கை எங்கே இருக்கும், எதையாவது எட்டி எடுப்பேனா என்று. எங்கள் மிஷினுக்கு வலது பக்கம், தலை உயரத்தில் ஓர் இரும்பு ரேக் உண்டு. தைக்க வேண்டிய துண்டுகள் ட்ரேயில் அங்கேதான் வரும். எட்டி எடுத்து, தைத்து, திரும்ப எட்டி வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று பத்தொன்பது வருடத்தில் நான் எண்ணியதே இல்லை. மேடம் கேட்ட பிறகு மறுநாள் என் மிஷினில் இருந்த பெண்ணைப் பார்த்து எண்ணினேன். மத்தியானத்துக்குள் நூறு தாண்டியது.

"உங்க தோள் இறுகினதுக்கு அதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். சுகரும் இருக்கு," என்றார் மேடம். "ஆனா திரும்பிப் போய் அதே மாதிரி எட்டி எடுத்தீங்கன்னா தோளு சீக்கிரம் பேஜார் பண்ணும்."

மூன்றாம் மாதம் முடிவதற்குள் ஜாக்கெட்டைச் சாதாரணமாகப் போட்டேன். ஒரு காலையில் வீட்டுக்காரர் சீப்போடு வந்தபோது நானே பாதி பின்னியிருந்தேன். அவர் சீப்பை வைத்துவிட்டு, நான் பின்னி முடிக்கும் வரை கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். "கோணலா இருக்கு," என்றார்.

சூப்பர்வைசரிடம் போய்க் கை சரியாகிவிட்டது என்றேன். அவர் தயங்கினார். மிஷினில் ஆள் இருக்கிறாள், மேலே இருப்பவர்களிடம் என்ன சொல்வது, பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தோள் திரும்பி வந்தும் நாற்காலி திரும்பவில்லை. மூன்று வாரம் போனது.

பிறகு ஒரு புதுமாடல் பூட்ஸ் வந்தது. கறுப்புத் தோலில் வெள்ளை நூல், குதிகாலைச் சுற்றி இரட்டைத் தையல். கறுப்பில் வெள்ளை என்றால் ஒரு நூலிழை கோணினாலும் நாலடி தூரத்திலிருந்து தெரியும். ஆர்டர் கொடுப்பவர்கள் மறுநாள் காலையில் வந்து மாதிரி ஜோடியைப் பார்ப்பதாக இருந்தது. மாதிரி தைப்பவருக்கு நாட்றம்பள்ளியில் தங்கச்சி கல்யாணம், லீவு. மத்தியானத்துக்குள் இரண்டு பேர் முயற்சி செய்து ஐந்து ஜோடித் தோல் வீணாகியிருந்தது. மிச்சம் இருந்தது இரண்டே ஜோடிக்கான துண்டுகள்.

கத்தரிக்கோலை டேபிளில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

"நான் தைக்கிறேன்," என்றேன்.

சூப்பர்வைசர் என் தோளைப் பார்த்தார். "அக்கா, இது கெட்டா வேற தோலு இல்ல."

"தெரியும். கெட்டா நாளையிலேர்ந்து மிஷின் பேச்சே எடுக்க மாட்டேன்."

அவர் மிச்சமிருந்த துண்டுகளை எடுத்து மிஷின் மேல் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதலில் கழிவுத்தோல் துண்டு ஒன்றில் நாலு வரி ஓட்டிப் பார்த்தேன். கை மறக்கவில்லை. தோள் தளர்வாக இருந்தது. முன்பெல்லாம் வளைவு வரும்போது மூச்சைப் பிடித்துத் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு தைப்பேன். மாடியில் அத்தனை வாரம் "தோளை எறக்குங்க, எறக்குங்க" என்று கேட்டுக் கேட்டு அது போயிருந்தது. முதல் வரிசை குதிகாலைச் சுற்றி இறங்கியது. அதன் பக்கத்திலேயே இரண்டாவது. பாதத்தைப் பெடலில் அழுத்துவதும் விடுவதும் தவிர வேறு நினைப்பு இல்லை. பக்கத்து மிஷின்கள் நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஒரு ஜோடி முடித்துத் தலை நிமிர்ந்தபோது லைனில் பாதிப் பேர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

தரம் பார்க்கும் அதிகாரி அப்பரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளவுகோலை வைத்து இடைவெளியைப் பார்த்தார். "இன்னொரு ஜோடியும் இவங்களே தைக்கட்டும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். ட்ரிம்மிங் டேபிளிலிருந்து அந்தப் புதுப் பெண் கை தட்டினாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். நான் குனிந்து இரண்டாவது ஜோடியின் நூலைக் கோத்தேன். கண் கலங்கியதால் கோக்க இரண்டு தடவை ஆனது. தையல் கோணவில்லை.

மறுநாள் மாதிரி ஒப்புதல் ஆனது. சூப்பர்வைசர் வந்து, "அக்கா, அந்த மாடலு முழுக்க உங்களுதுதான். திங்கக்கெழமையிலேர்ந்து மிஷின்ல உக்காருங்க," என்றார். என் இடத்தில் இருந்த பெண்ணுக்குப் பக்கத்து மிஷின் கொடுத்தார்கள்.

"உக்கார்றேன். ஆனா அந்த ரேக்க எறக்கித் தரணும்," என்றேன்.

"ரேக்கா? அது எப்பவும் அங்கதான இருக்கு."

"அதனாலதான் சொல்றேன். இடுப்பு ஒசரத்துக்கு எறக்குங்க. எட்டி எடுக்கிற நேரமும் மிச்சமாகும். ஒரு வாரம் பாருங்க. ஜோடி கம்மியானா மறுபடி ஏத்திடுங்க."

பத்தொன்பது வருடத்தில் நான் கம்பெனியில் கேட்ட முதல் காரியம் அது. மெயின்டனன்ஸ் ஆள் வந்து நாலு போல்ட்டைக் கழற்றி ரேக்கை இறக்கி மாட்ட அரை மணி நேரம்தான் ஆனது. ஜோடி குறையவில்லை, கூடியது. அந்த வாரக் கடைசியில் பக்கத்து மிஷின் பெண் தனக்கும் இறக்கித் தரச் சொன்னாள். அதற்கடுத்தவள் கேட்டாள். பிறகு சூப்பர்வைசரே மெயின்டனன்ஸ் ஆளை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை லைன் முழுவதும் இறக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு இப்போதும் மாதத்தில் ஒரு நாள் தோள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கயிற்றை இழுப்பேன், சரியாகிவிடும். ஊசி வைத்தியத்தைப் பற்றி யாராவது கேட்டால், எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன், எனக்குக் கேட்டது என்று சொல்லி, மாடிக்கு வழி காட்டுவேன்.

போன மாதம் எங்கள் லைனுக்கு ஒரு பெண் புதிதாக மிஷினுக்கு வந்தாள். உட்கார்ந்ததும் வலது கையை நீட்டி, இடுப்பு உயரத்தில் இருந்த ட்ரேயை அவள் பாட்டுக்கு இழுத்துக்கொண்டாள். அது ஒரு காலத்தில் தலை உயரத்தில் இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. நூலைக் கோத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.